பெருநாளுக்குப் பிறகு திரும்பி வந்த ஸ்லைஸ் பக்கற்

1. கண்ணாடி மேல் விழுந்தது

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கடை திறந்த முதல் நாள். கவுண்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சமைத்துக் கட்டியாக வரும் கோழி இறைச்சியை ஸ்லைசரில் ஏற்றி நாலைந்து துண்டு வெட்டியிருப்பேன். கண்ணாடியின் மேல் தொப்பென்று ஒரு பக்கற் வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சாய்ந்தமருது றைஹானா ராத்தா. எங்கள் பக்கத்தில் மூத்த பெண்ணை ராத்தா என்றும் ஆணைக் காக்கா என்றும்தான் கூப்பிடுவோம். பெருநாளுக்கு முதல் நாள் என்னிடம்தான் சிக்கன் ஸ்லைஸ் வாங்கிப் போனவர்.

“என்னத்தக் காக்கா வித்தீங்க எனக்கு? என்ட புள்ள ஆசுபத்திரியில கெடக்கா. வாந்தி, வயித்தோட்டம், காய்ச்சல். வயித்தில ஏழு மாசத்துப் புள்ளையோட கெடக்கா! எத்தின வருசம் துஆக் கேட்டுக் கெடச்ச புள்ள அது. அதுக்கு ஏதும் நடந்திச்செண்டா ஒங்களச் சும்மா விடமாட்டன்.”

பெருநாள் முடிந்து, கதைக்க விஷயமில்லாமல் நின்ற சனம். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? அரிசிப் பக்கம் நின்றவர்களும் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் என் கவுண்டருக்கு வந்துவிட்டார்கள்.

முதலாளி ஓடி வந்தார். நல்ல மனுசன். ஆனால் யாரும் சத்தம் போட்டால் அவருடைய கை தானாகவே சட்டைப் பைக்குப் போகும். “காக்கா, காசத் திருப்பிக் குடுத்து அனுப்புங்க. பெரிசாக்க வேணாம்” என்று என் காதுக்குள் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. “காசு குடுத்தா அந்தப் புள்ளைக்குச் சுகம் வந்திருமா முதலாளி? பிழ நம்மட பக்கம் எண்டா, இதே கட்டியில வெட்டினது இன்னும் எத்தின வீட்டில கெடக்கு? அதையும் காசு குடுத்தா மூடப் போறீங்க?”

நான் ஸ்லைசரை நிறுத்தினேன். கழுவவில்லை, அப்படியே மூடி வைத்தேன். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்த உடனே பதறிப்போய் மெஷினைக் கழுவினால், பிழை இருந்திருந்தால் அதையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள். பிறகு உங்களைக் காப்பாற்றவும் ஆதாரம் இருக்காது, உங்கள் மேல் குற்றம் காணவும் இருக்காது. சுகாதாரப் பரிசோதகருக்கு நானே டெலிபோன் எடுத்தேன். அவர் வந்து கட்டியிலும் மெஷினிலும் மாதிரி எடுத்துக்கொண்டு போனார். முடிவு வரும் வரைக்கும் கவுண்டர் பூட்டு.

என் கவுண்டரில் பிழை இல்லை என்று எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது. தோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலின் கோல்ட் கிச்சனில் பல வருடம் நின்றவன் நான். சமைத்துக் குளிர வைத்த இறைச்சியை வெட்டுவதும், அடுக்குவதும், பழுதாகாமல் காப்பதும்தான் அங்கே எனக்குச் சோறு போட்டது. ஆனாலும் சோதனை முடிவு வராமல் நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

2. கதிரை முட்டுக் கொடுத்த பிரிட்ஜ்

சனம் கலைந்த பிறகு ராத்தாவை ஓரமாகக் கூப்பிட்டு, டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“என்ன சாப்பிட்ட எண்டு கேட்டார். கடையில வாங்கின ஸ்லைஸ் எண்டு சொன்னன். வேற என்னத்தச் சொல்ற?”

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. பிழை கடையில் இருந்தால் கவுண்டரைப் பூட்டியதோடு சரி. வீட்டில் இருந்தால்? அந்தப் பிள்ளை சுகமாகி மறுபடியும் அதே பிரிட்ஜுக்குத்தானே வரப் போகிறாள்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று விட்டுவிட்டால், அடுத்த தடவை வயிற்றில் இருக்கும் பிள்ளை தாங்குமோ தாங்காதோ.

“ராத்தா, ஒங்கட பிரிட்ஜ ஒருக்காப் பாக்கட்டா?” என்றேன்.

“பாருங்க! வந்து பாருங்க! என்ட வீட்டில என்ன குற?”

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் போனேன். ராத்தாவின் கணவர் ஜப்பார் காக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மகள் ஸில்மியாவும் மருமகனும் இந்த வீட்டில்தான் இருந்தார்கள். மருமகன் அப்போது ஆசுபத்திரியில் நின்றார்.

குசினிக்குள் போனதும் முதலில் தெரிந்தது ஒரு கதிரை. பிரிட்ஜின் கதவு திறந்துவிடாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். கதிரையை இழுத்தேன். கதவு தானாகத் திறந்தது.

உள்ளே எல்லாம் இறைச்சி. பெருநாளுக்கு அறுத்துப் பங்கு வைத்த குர்பான் இறைச்சி. சொப்பிங் பேக்குகளில் கட்டிக் கட்டி, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும். ராத்தாவின் கூடப்பிறந்த நானா கொடுத்தது ஒன்று, மச்சான் கொடுத்தது ஒன்று, பள்ளிவாசல் பங்கு, பக்கத்து வீட்டுப் பங்கு. டீப் ஃப்ரீசர் நிரம்பிவிட்டது, மிச்சமெல்லாம் இங்கே வந்திருக்கிறது. அறுத்த சூடு ஆறாமல் வந்த இறைச்சியை அப்படியே உள்ளே தள்ளியிருக்கிறார்கள். ஒரு பேக்கின் முடிச்சிலிருந்து செந்நீர் சொட்டி, தட்டுத் தட்டாக இறங்கிக் கீழே தேங்கியிருந்தது.

நான் எப்போதும் சட்டைப் பையில் ஒரு தெர்மோமீட்டர் வைத்திருப்பேன். கதவை மூடி உள்ளே கொஞ்ச நேரம் வைத்து எடுத்தேன். பன்னிரண்டு டிகிரி. ஐந்துக்கு மேல் போகக் கூடாது. பிரிட்ஜ் பாவம், தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டு இரைந்தது. காற்றுப் போக ஓர் இடுக்குக் கூட இல்லாமல் அடைத்தால் அதுதான் என்ன செய்யும்?

“ஸ்லைஸ் பக்கற்ற எங்க வெச்ச ராத்தா?”

“மொதல்ல மேல வெச்சன். மறுகா இறைச்சி வந்திச்சு. இடம் காணல்ல. கீழ, மரக்கறித் தட்டில வெச்சன்.”

“பக்கற் திறந்தா கெடந்த?”

“பெருநாளண்டு காலையில உடைச்ச. ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வெச்சன்.”

செந்நீர் தேங்கி நின்றது அந்த மரக்கறித் தட்டில்தான். நான் அதைச் சுட்டிக் காட்டினேன். ராத்தாவின் முகம் மாறியது.

“குர்பான் இறைச்சியால வருத்தம் வந்த எண்டா சொல்றீங்க? அல்லாஹ்வுக்காக அறுத்த இறைச்சி அது. நாக்க அடக்கிக் கதைங்க காக்கா.”

“இறைச்சியில அல்லாஹ்ட பரக்கத் இரிக்கு ராத்தா, நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா பச்ச இறைச்சி எண்டா பச்ச இறைச்சிதானே. ஆக்கித் திண்டா ஒண்டும் இல்ல. ஸ்லைஸ ஆரும் மறுகா அடுப்பில போடுறல்லயே. அப்படியே பாணுக்குள்ள வெச்சுத் திண்ணுற. மேல இருந்து தண்ணி சொட்டினா, அதையும் சேத்துத்தான் திண்ணுற.”

“நான் மணந்து பாத்துத்தான் குடுத்தன். ஒரு மணமும் இல்ல!”

நாங்கள் எல்லாரும் நம்புவது மூக்கை. மீன் வாங்கினாலும் மூக்கு, பாலுக்கும் மூக்கு. ஆனால் நோய் கொண்டுவரும் கிருமி எல்லாம் மணத்தோடு வருவதில்லை. இந்த ஸ்லைஸ் விஷயத்தில் மூக்கை நம்பினால் ஏமாந்துதான் போவோம். இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ராத்தா, வேறு யாருக்கோ சொல்வது போல மெதுவாகச் சொன்னார்:

“தண்ணி பட்டுத்தான் இரிந்திச்சு. செவப்பாக் கெடந்திச்சு. வீசினா விரயம், பாவம் எண்டு... பைப்பில அலசிட்டுத்தான் புள்ளைக்கு வெச்சுக் குடுத்தன்.”

ராத்தா அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மறைக்கவில்லை. என் ஸ்லைசர் தப்பியது, என் பெயர் தப்பியது என்று நெஞ்சு லேசானது. ஆனால் எதிரில் ஒரு தாய் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறார். அலசிக் கொடுத்த கை. அதைப் பார்த்ததும் காலையில் கடை நிறைந்த சனத்துக்கு முன்னால் என்னைத் திட்டியவர் என்பதே மறந்து போனது.

“நானேதானா என்ட புள்ளைக்கு நஞ்சு குடுத்த?” என்றார்.

“அப்படிச் சொல்லாதீங்க ராத்தா. பாசத்திலதானே குடுத்தீங்க. இப்ப இருந்து அழுற நேரம் இல்ல. எழும்பி ஆசுபத்திரிக்குப் போங்க. டொக்டர்ட்ட இதச் சொல்லுங்க. அலசினது, பச்ச இறைச்சித் தண்ணி பட்டது, ஒண்டும் விடாமச் சொல்லுங்க.”

“மருமகன் பக்கத்தில நிப்பாரே. அவர்ட முகத்தில எப்பிடி முழிக்கிற?”

கூடவே வந்து நின்ற ஜப்பார் காக்கா, “முழிக்கலாம். நானும் வாறன். எழும்பு” என்றார்.

3. வார்டில் சொன்னது

நான் போகவில்லை. நடந்ததைப் பிறகு ஜப்பார் காக்கா சொல்லித்தான் தெரியும். மருமகன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க, ராத்தா டொக்டரிடம் ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறார். டொக்டர் ஏசவில்லையாம். இன்ன கிருமிதான் என்றும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் இரத்தம் எடுத்துச் சோதிக்க அனுப்பி, மருந்தையும் மாற்றி எழுதியிருக்கிறார். வயிற்றில் மெஷினை வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை எல்லாருக்கும் கேட்கும்படி போட்டுக் காட்டினாராம். ராத்தா அதைக் கேட்டுவிட்டு வார்டுக்குள்ளேயே ஓவென்று அழுதாராம். மருமகன்தான் அவரைப் பிடித்து வெளியே கொண்டுபோய்த் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். “மாமி, நானும்தான் அந்தப் பிரிட்ஜுக்க ரெண்டு பேக் தள்ளின” என்றாராம். நல்ல பிள்ளை.

கொஞ்ச நாளில் காய்ச்சல் விட்டு, ஸில்மியா வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன்னரே ஜப்பார் காக்கா பிரிட்ஜை முழுதாகக் காலி செய்து, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட்டுவிட்டார்.

4. பூட்டிய கவுண்டருக்கு முன்னால்

இதற்கிடையில் ஊரில் கதை பரவிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பக்கத்து ஊர் நற்பிட்டிமுனைக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பிள்ளை மௌத்தாகிவிட்டாள், செத்தே போனாள் என்று கதை போயிருந்தது. முதலாளி தலையில் கை வைத்தார்.

“காக்கா, வீட்டுப் பிழ எண்டு கதவில எழுதி ஒட்டுவமா?”

“ஒட்டினா நான் நாளைக்கு வேலைக்கு வரமாட்டன்” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அந்த வீட்டில் என்னை நம்பிக் குசினிவரை விட்டார்கள். அங்கே கண்டதைக் கதவில் ஒட்டுவது எந்த ஊர் மனிதத்தன்மை?

ஒரு வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், கடையில் நல்ல சனம். என் கவுண்டர் இன்னும் பூட்டுத்தான், கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லை. நான் மீன் டின் அடுக்கிக்கொண்டிருந்தேன். றைஹானா ராத்தா உள்ளே வந்தார். சனம் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது. இரண்டாவது சண்டை பார்க்கக் காத்திருந்தார்கள் என்று சொன்னால் சரி.

ராத்தா நேராகக் கவுண்டருக்கு முன்னால் போய் நின்று, வந்திருந்த பெண்களைப் பார்த்துத் திரும்பினார்.

“இந்தக் காக்காட சாமானில பிழ இல்ல. பிழ என்ட பிரிட்ஜில. குர்பான் இறைச்சிய மேல வெச்சு, ஸ்லைஸக் கீழ வெச்சன். செந்தண்ணி பட்டத அலசிட்டு, புள்ளத்தாச்சிப் புள்ளைக்குக் குடுத்தன். நான்தான் குடுத்த.”

காசு வாங்கும் பிள்ளை கூட மெஷினைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: “ராத்தா, எங்கட வீட்டிலயும் இறைச்சி அப்பிடித்தான் கெடக்கு. இப்ப என்ன செய்ற?”

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டின்னைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். எத்தனையோ வருடமாக நான் சொல்லியும் யாரும் காது கொடுக்காத விஷயங்களை, அன்றைக்குச் சனம் மூச்சு விடாமல் கேட்டது. பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், சொட்டாத பாத்திரத்தில். ஸ்லைஸ் மேல்தட்டில், இறுக்கமான மூடி போட்ட டப்பாவில். பக்கற்றில் அடித்த திகதி உடைக்காத பக்கற்றுக்குத்தான், உடைத்தால் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். முடியாது என்றால் உடைத்த அன்றைக்கே சின்னச் சின்னப் பொதியாக ஃப்ரீசரில் போடுங்கள், உருகவைப்பதைப் பிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள், மேசையில் வேண்டாம். நம்முடைய வெக்கைக்கு வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்ததைத் திருப்பி உள்ளே வைக்காதீர்கள். வழுவழுத்தால் வீசுங்கள். பச்சை இறைச்சித் தண்ணீர் பட்டால் கழுவ வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம், வீசுங்கள்.

“வீசினா விரயம் இல்லையா?” என்று யாரோ கேட்டார்கள்.

நான் வாய் திறக்க முதல் ராத்தா சொன்னார்: “ஒரு புடி இறைச்சி போனா போகட்டும். புள்ள போனா வருமா? புள்ளத்தாச்சிக்கு எண்டா எவ்வளவு நல்ல ஸ்லைஸ் எண்டாலும் ஆவி பறக்கச் சுட வெச்சுக் குடுங்க. டொக்டர் எனக்குச் சொன்ன.”

அதற்குப் பிறகு நடந்ததை முதலாளி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாங்க வந்த சாமானை வாங்காமல், பிரிட்ஜைப் பார்க்க வீட்டுக்கு ஓடினார்கள். பாதிக் கடை காலி.

சோதனை முடிவு பிறகு வந்தது. கவுண்டரில் பிழை இல்லை. அன்றிலிருந்து யார் ஸ்லைஸ் கேட்டாலும் வெட்ட முதல் ஒரு கேள்வி கேட்பேன்: வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாரா? சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் “ஒங்களுக்கு என்னத்துக்கு அது?” என்று முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும், நான் கேட்பேன். ஸில்மியாவுக்கு மாதம் நிறைந்து சுகப் பிரசவம், பெண் பிள்ளை.

புதிதாகக் கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான். டிகிரியும் தட்டும் டப்பாவும் யாரும் ஒரு கிழமையில் படித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அந்தக் குசினியில், “பாத்தீங்களா, பிழ ஒங்கட வீட்டில” என்று நான் ஒரு வார்த்தை வெற்றிச் சிரிப்போடு சொல்லியிருந்தால், ராத்தா கதவைச் சாத்தியிருப்பார். டொக்டரிடம் அலசிய கதையைச் சொல்லியிருக்கவே மாட்டார். பிழையோடு வருகிறவர் முன்னால் நீங்கள் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவர் உண்மையைச் சொல்வதற்கு இடம் விடுங்கள், அதில் ஓர் உயிர் தங்கியிருக்கலாம்.