பிலோமினம்மாளின் நன்றிக் கடிதம்

ஜெனிவீவுக்குப் பகல் முழுக்கத் திறந்த வாய்களோடுதான் வேலை. சிங்கப்பூரின் பூன் லேயில் ஒரு பல் மருத்துவக் கூடத்தில் உதவியாளர். பன்னிரண்டு வருடமாக டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "இத்தனை வாய் திறக்குது, ஒண்ணாவது சிரிக்குதா? அதான் ஞாயித்துக்கிழமை இங்க வந்துடறேன்" என்றுதான் மேடையில் ஆரம்பிப்பாள்.

மேடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடி, கீழே பாத்திரக்கடை. அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக். மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணிக்குத் தமிழில் நகைச்சுவை. ஜெனிவீவின் சரக்கும் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை வேண்டாம். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு "என்னம்மா, விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்கும் ஆன்ட்டிகளும், "இருக்கே ஆன்ட்டி, புது ஏர்கான் மாட்டியிருக்கோம்" என்ற அவள் பதிலும் அந்த அறையில் ரொம்பப் பிரபலம். பிள்ளை இல்லாத வீட்டில் சனிக்கிழமை எத்தனை மணி வரைக்கும் தூங்கலாம் என்று அவள் விவரிக்கும்போது, பின்வரிசையில் இருக்கும் பெற்றோர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

கணவன் எட்மண்ட் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. எது எப்போது தலையில் விழும் என்று யோசிப்பதுதான் அவன் வேலை. அவனுக்கும் பிள்ளை வேண்டாம்தான், ஆனால் அவள் அளவுக்குச் சத்தமாக இல்லை. அவளுக்கு முப்பத்தாறு நடந்தபோது, ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே இருவரும் அதைப் பற்றிப் பேசினார்கள். "வந்தா வரட்டும், வரலன்னா விடு" என்பதோடு பேச்சு முடிந்தது. அவர்கள் எடுத்த முடிவு அவ்வளவுதான்.

வந்துவிட்டது.

சோதனைக் குச்சியில் இரண்டு கோடு. எட்மண்ட் அதைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். "கிரில் மாத்தணும்" என்றான். ஜெனிவீவ் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"ஷோவுக்கு என்ன பண்றது?" என்றாள்.

அந்த மாடியை நடத்தும் ஜெய், இரண்டு மாதம் கழித்து அவளுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தான். ஐந்து வருடத்தில் முதல் தனி நிகழ்ச்சி. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. தலைப்பு: 'எனக்கு வேணாம் லா.'

மூன்று மாதம் யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் ஆகாது, பந்தாங் என்று பேசிக்கொண்டார்கள். எட்மண்ட் தன் அம்மாவிடம் மட்டும் சொன்னான். பிலோமினம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு மனிதரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். மாதா மனிதக் கணக்கில் வருவாரா என்று மட்டும் யாரும் தெளிவுபடுத்தவில்லை.

பிலோமினம்மாள் சனிக்கிழமை தவறாமல் நொவீனா மாதா கோயிலுக்குப் போகிறவர். அங்கே மக்கள் மாதாவுக்கு வேண்டுதல் கடிதமும் நன்றிக் கடிதமும் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அவற்றில் சிலவற்றைப் பெயர் சொல்லாமல் பாதிரியார் வாசிப்பார். அந்தச் சனிக்கிழமை அத்தைக்கு முழங்கால் வலி. கைத்தாங்கலாக ஜெனிவீவ் கூடப் போயிருந்தாள். பாதிரியார் மூன்றாவது கடிதத்தைப் பிரித்து வாசித்தார்.

"அன்புள்ள மாதாவே, என் மருமகள் பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மேடையேறி, பிள்ளை வேண்டாம் என்று தமிழில் ஜோக் சொல்கிறாள். ஐந்து வருடமாக அவள் மைக் வைத்துப் பேசினாள், நான் மைக் இல்லாமல் உங்களிடம் பேசினேன். நீங்கள் என் பேச்சைக் கேட்டுவிட்டீர்கள். இப்போது பத்து வாரம். ரொம்ப நன்றி. அவளுக்கு இன்னும் சந்தோஷம் வரவில்லை. அதை அடுத்த கடிதத்தில் கேட்கிறேன். இது ரகசியம் என்பதால் பெயர் எழுதவில்லை."

கோயில் முழுக்கச் சிரித்தது. கடைசி வரிக்குப் பாதிரியாரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழெட்டு வரிசை திரும்பி ஜெனிவீவைப் பார்த்தது. அவளுக்கு முதலில் கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே பொறாமையும் வந்தது. எழுநூறு பேர்! அவள் வாழ்நாளில் அறுபது பேருக்கு மேல் சிரிக்க வைத்ததில்லை. அந்தக் கடைசி வரி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. அதை யாரும் சொல்லித்தந்திருக்க முடியாது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "அத்தை, பந்தாங்னு சொன்னோமா இல்லையா?"

"நான் யார்கிட்டம்மா சொன்னேன்? பேரே போடலையே."

"சிங்கப்பூர்ல பல் கிளினிக்ல வேலை பாத்துக்கிட்டு, மேடையில ஜோக் சொல்ற கத்தோலிக்கத் தமிழ்ப் பொம்பளைங்க எத்தனை பேரு அத்தை?"

பிலோமினம்மாள் நிஜமாகவே யோசித்தார். "தெரியல ஜென்னி. நான் வெளிய அதிகம் போறதில்ல."

திங்கட்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வாய் மரத்துப்போன நோயாளிகள்கூடக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஜெய் போன் செய்தான். "அக்கா, கங்கிராட்ஸ் லா! ஆனா போஸ்டர்? வேணும்னா ஷோவை ஹேப்பியா மாத்திடலாம். பலூன் கட்டிடறேன், கடைசியில கேக்."

"பலூன் கட்டின, நான் வரமாட்டேன்."

அன்றிலிருந்து அவளால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. பழைய ஜோக்கைச் சொன்னால் பொய். ஐயோ என்ன ஆனந்தம் என்று புதிதாகச் சொன்னால் அதைவிடப் பெரிய பொய். மற்ற எல்லா இடத்திலும் அடக்கமாகத் தலையாட்டுகிறவள் அவள். உள்ளதை உள்ளபடி சொல்ல அவளுக்கு இருந்தது அந்த மாடி ஒன்றுதான். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் "சந்தோஷமா?" என்று கேட்டார்கள். வாயில் குழாயை வைத்துவிட்டு "வலிக்குதா?" என்று கேட்டால் நோயாளிகள் தலையாட்டுவார்களே, அப்படி ஆட்டினாள்.

ஒரு நாள் எட்மண்டிடமே கேட்டாள். "உனக்குச் சந்தோஷமா?"

புதுக் கிரில்லின் திருகைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை. "பயமா இருக்கு."

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீ ஜோக்ல போட்டுடுவ." அடுத்த திருகுக்குப் போனபடியே, "பரவால்ல, போட்டுக்கோ" என்றான்.

நிகழ்ச்சி நாளன்று அறுபது நாற்காலியும் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில், மடியில் கைப்பையோடு பிலோமினம்மாள். இதற்குமுன் அவர் அங்கே வந்ததேயில்லை. பக்கத்தில் எட்மண்ட், அவசர வழி எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெனிவீவ் கையில் ஒரு தாளோடு ஏறினாள். பல் ஜோக்கைச் சொல்லவில்லை. நேராக வாசித்தாள்.

"அன்புள்ள மாதாவே, என் அத்தை உங்களுக்கு நன்றி சொல்லிட்டாங்க. என்கிட்ட இன்னும் நன்றி இல்ல. எனக்கு வாந்தி வருது, நெஞ்செரிச்சல் வருது, ஆன்ட்டிங்க ஒவ்வொருத்தரா டப்பாவுல சாப்பாடோட வர்றாங்க. என் புருஷனுக்குப் பயம் வருது. வீட்டுல எல்லா மேசை முனையிலயும் ஸ்பாஞ்ச் ஒட்டிட்டாரு, நான்தான் இப்ப எதுமேலயும் இடிச்சுக்க முடியாம கெடக்கேன்." சிரித்தார்கள். "ஆனா சந்தோஷம் மட்டும் வரல. வராமலே போயிடுமோன்னு இருக்கு. எப்ப வரும்னு சொல்ல முடியுமா?"

அதற்கு அடுத்து ஒரு ஜோக் எழுதி வைத்திருந்தாள். அது வாயில் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கீழே கடையில் யாரோ ஒரு அண்டாவை நகர்த்தும் சத்தம் கேட்டது.

முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு இவனுக்கு மூணு வயசாகுற வரைக்கும் வரல."

"அம்மா!" என்றான் எட்மண்ட்.

பிலோமினம்மாள் கைப்பையைச் சரியாக வைத்துக்கொண்டார். "அதுக்கப்புறமும் தினமும் இல்ல."

மாடி அதிர்ந்தது. படிக்கட்டில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். ஜெனிவீவ் ஐந்து வருடத்தில் மேடையில் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அன்று மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏன் அத்தை, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ எங்க கேட்ட? நீதான் எப்பவும் பேசிக்கிட்டே இருக்கியே."

அதற்கும் சிரிப்பு. ஜெனிவீவ் தாளை மடித்துப் பையில் வைத்தாள். மீதி ஐம்பது நிமிடம் அது இல்லாமலே ஓடியது.

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ஒரே ஒரு இடம். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உனக்கு இன்னும் வயிறே தெரியல" என்று சொல்லிவிட்டு பிலோமினம்மாள் உட்கார்ந்தார்.

ஜெனிவீவ் போனை எடுத்தாள். ஜோக்கைக் குறித்துக்கொள்கிறாள் என்று நினைத்து எட்மண்ட் எட்டிப் பார்த்தான். அவள் நாட்காட்டியைத் திறந்து, பிரசவ மாதத்திலிருந்து மூன்று வருடம் தள்ளிப்போய், ஒரு தேதியில் தட்டிக்கொண்டிருந்தாள்: 'வந்துச்சா?'

"என்னையும் சேத்துக்கோ" என்றான்.