ஈர உமியும் ஒரு டிராவும்

ஈர உமியின் புளித்த வாசம் எங்கிருந்து வந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ரங்கூனில் பசுந்தாங் ஓடையோரம் அப்பா வேலை பார்த்த ஐஸ் கம்பெனியின் வாசம் அது. அங்கே "யேகே" என்று நாங்கள் பர்மியத்தில் சொல்லும் ஐஸ் பாளங்களை உருகாமல் இருக்க உமிக்குள் புதைத்து வைப்பார்கள். அப்பாவுக்குப் பெயருக்குத்தான் அந்த உமி அள்ளும் வேலை. உண்மையில் கம்பெனி சம்பளம் கொடுத்தது ஹாக்கியில் கோல் காப்பதற்கு.

எனக்கு எட்டு வயது. சண்டை அப்போது ஐரோப்பாவில் மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் சீமைச் சாமான் வரும் கப்பல்கள் குறைந்து, பந்தைத் தடுக்க அப்பா காலில் கட்டும் மெத்தையான கால்கட்டைகள் கிழிந்தபோது புதிதாக வாங்கக் கிடைக்கவில்லை. உள்ளே மூங்கில் பத்தை வைத்து எப்படியோ ஒப்பேற்றினார். முந்தின ஆட்டத்தில் பந்து அதில் பட்டுத் தெறித்து எதிராளியின் மட்டைக்கே போய் கோலானது. கம்பெனி மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: கடைசி ஆட்டத்திலும் தோற்றால் ஆட்டக்காரர்கள் வேண்டாம், இந்தியாவுக்குக் கப்பல் ஏறலாம். அம்மா ரங்கூனில் பிறந்தவள். "எனக்கு அங்க யாரத் தெரியும்?" என்று இரண்டு நாள் சாப்பிடவே இல்லை.

ஆட்டத்தன்று காலை அப்பா கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை உமி கொண்டுவந்தார். அம்மா அதைக் கோணிப்பையில் திணித்து, கோணி ஊசியால் தைத்துப் புதுக் கால்கட்டைகள் செய்தாள். ஐஸுக்கு அடியில் கிடந்த உமி அது; உள்ளே சில்லுச் சில்லாக ஐஸ் இருந்தது.

பாதி ஆட்டத்தில் வெயில் ஏற, சில்லுகள் உருகி அப்பாவின் கால் வழியே தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. "கோலிக்குப் பயத்துல போயிடுச்சுடா!" என்று மைதானமே கைகொட்டியது. அம்மா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். எனக்கோ அழுகை. கட்டைகள் கனத்து அப்பாவால் காலைத் தூக்கவே முடியவில்லை.

இரு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிடத்தில் எதிரணி மரக் கம்பெனிக்காரன் ஓங்கி அடித்த பந்து அப்பாவின் காலில் "பொத்"தென்று விழுந்து, தெறிக்காமல் அங்கேயே கிடந்தது. அப்பா அதை மெதுவாக வெளியே தள்ளினார். விசில் ஊதினார்கள். ஆட்டம் டிரா; நாங்கள் தோற்கவில்லை. கம்பெனியின் பர்மாக்கார ஃபோர்மேன் ஊ தின் "கௌந்தே! கௌந்தே!" என்று பாராட்டிக்கொண்டே ஓடிவந்து அந்த ஈரக் கால்களைக் கட்டிக்கொண்டார். அம்மா நடுமைதானம் என்றும் பாராமல் உட்கார்ந்து விம்மி அழுதாள். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஈரம்னு தெரியலையா ஒனக்கு?" என்று வீட்டில் அப்பா அம்மாவைக் கேட்டார்.

"தைக்கும்போதே தெரிஞ்சிச்சு. சொன்னா நீங்க வேற உமி தேடிப் போவீங்க, ஆட்டத்துக்கு நேரமாயிரும்."

பிறகு ரங்கூனிலும் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. தெருவில் பாதிப்பேர் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ. நாங்கள் ஆற்றுக்கு அக்கரையில் கியாக்தானில் ஒளிந்திருந்து, சண்டை அடங்கியதும் திரும்பி வந்தோம். கம்பெனி அப்பாவுக்காக வேலையை வைத்திருந்தது.

இப்போது அந்த மைதானம் இல்லை, ஓடையோரம் உமிக் குவியலும் இல்லை. ஐஸ் பிளாஸ்டிக் பையில் வருகிறது. கரண்ட் போகும் நாட்களில் ஒரு பை வாங்கி, தொண்ணூறு தாண்டிய என் முழங்காலில் வைத்துக்கொள்வேன். தண்ணீர் கால் வழியே ஒழுகும்போது பேத்தி துடைக்க வருவாள்; வேண்டாம், ஒழுகட்டும் என்பேன். மேனேஜர் ஏறச் சொன்ன அந்தக் கப்பல் போய்ச் சேரும் ஊரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அப்பாடா.