மாத்திரையை விடப் போன என்னை ஆண்டவர் தடுத்தார்

சபையில இருக்கிற அக்கா தங்கச்சிங்களே, இதை எல்லார் முன்னாடியும் பேச எனக்குக் கூச்சம்தான். ஆனா ஆண்டவர் செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியல.

என் பேர் மேரி. கிள்ளான்ல ஸ்கூல் வேன் ஓட்டுறேன். போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச கையோட எனக்கு மார்பகப் புற்றுநோய்னு சொன்னாங்க. ஆபரேஷன் ஆச்சு, ரேடியேஷன் ஆச்சு. நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்க, பிழைச்சு வந்தேன். எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சேன். முடியல.

பெண்கள் உடம்புல இருக்கிற ஹார்மோனைத் தின்னுதான் என் கட்டி வளர்ந்துச்சாம். அது திரும்பி வராம இருக்க, அந்த ஹார்மோனைக் குறைக்கிற மாத்திரையை வருஷக்கணக்கா போடச் சொன்னாங்க. மாதவிடாய் நின்னப்போ வந்த சூடு எனக்கு எப்பவோ அடங்கிருந்துச்சு. இந்த மாத்திரை போட்டதும் பல மடங்கா திரும்பி வந்துச்சு. நெஞ்சுல தீ பத்தின மாதிரி கிளம்பி முகம் வரைக்கும் ஏறும். ஏர்கோன் போட்டும் சட்டை நனைஞ்சிரும். விரலெல்லாம் இறுகிப் போயிரும். ஒருநாள் மத்தியானம், வேன் நிறைய பிள்ளைங்க இருக்கும்போது ஸ்டீரிங்கைத் திருப்ப முடியல. ஓரமா நிறுத்திட்டு அழுதேன்.

பந்திங்ல இருக்கிற என் நாத்தனார் ஸ்டெல்லா பாசத்துல சொன்னா: "அண்ணி, எனக்கும் இப்படித்தான் சூடு வந்துச்சு. ஹார்மோன் மாத்திரை போட்டேன், சரியாயிருச்சு லா."

நான் முடிவே பண்ணிட்டேன். இதை விட்டுட்டு அதைப் போடுவோம். நோய் வந்தா வரட்டும்.

அன்னிக்குச் சாயந்திரம், பிள்ளைங்களை இறக்கிவிட்ட காலி வேன்ல உட்கார்ந்து ஜெபிச்சேன். "ஆண்டவரே, இந்தச் சூட்டை எடுங்க. இல்லாட்டி, நான் ஏதும் செய்யறதுக்கு முன்னாடி யாரையாவது அனுப்புங்க."

அடுத்த வாரம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரில செக்கப். வழக்கமா பாக்கிற டாக்டர் லீவு. சல்மாங்கிற லேடி டாக்டர் இருந்தாங்க. என் ஃபைலை மூடி வச்சுட்டு, "காக், உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?"ன்னு மலாய்ல, அக்கான்னு கூப்பிட்டுக் கேட்டாங்க. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. எல்லாத்தையும் கொட்டினேன். ஸ்டெல்லா சொன்னதையும் சேர்த்து.

அவங்க திட்டல. "நாத்தனாருக்கு அது சரி. உங்களுக்கு அது கட்டிக்குத் தீனி போடுற மாதிரி. ஆனா பல்லைக் கடிச்சுட்டுத் தாங்கணும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

இப்போ போடுற மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திட்டு, அதே வேலையைச் செய்யுற வேற மாத்திரைக்கு மாறலாம்னாங்க. சூட்டுக்கு ஹார்மோன் இல்லாத மருந்தும் இருக்குதாம். எதுல என்ன நல்லது, என்ன தொந்தரவுன்னு பொறுமையா விளக்கினாங்க. வெளிய அத்தனை பேர் காத்திருக்காங்க, அவங்ககிட்ட துளி அவசரம் இல்ல. முடிவை என்கிட்டயே விட்டாங்க. எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. நம்ம சபை இல்ல, நம்ம பாஷை இல்ல. யாரை அனுப்பணும்னு ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்கு.

மாத்திரையை மாத்தினேன். சூடு முழுசா போகல, இப்பவும் வருது. ஆனா தாங்குற அளவுக்கு வருது. விரல் மடங்குது. வேன் ஓடுது. முன்னெல்லாம் கஷ்டத்தை யார்கிட்டயும் சொல்லாத நான், இப்போ வாயைத் திறக்கிறேன்.

உங்கள்ல யாராவது வெளிய சொல்லாம வெந்துட்டு இருந்தா, முழங்கால் போட்டு அவர்கிட்ட சொல்லுங்க. எழுந்து போய் டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. அந்த ரூம்லயும் அவர் இருப்பார்.