வெளியே கேட்காத பாட்டு வண்டி

என் வீட்டுக்காரரின் தங்கச்சி ஒரு போன்கூடப் பண்ணாமல் ஓசூரிலிருந்து வந்தாள். மரவள்ளி ஏற்ற வந்த காலி லாரியில் அவளோடு ஒரு மூணு சக்கர சரக்கு சைக்கிளும் வந்தது. டவுனில் தண்ணி கேனும் கேஸ் சிலிண்டரும் ஏற்றி மிதிப்பார்களே, அந்த வண்டி. இறக்க நாலு ஆள் வேண்டியிருந்தது.

"எங்கீங்க வெக்கறது?" என்று லாரிக்காரர் என்னைக் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன்.

"நெழலா ஒரு எடம் காட்டுங்க அண்ணி. இதைப் பாட்டு வண்டி ஆக்கப்போறேன்," என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் ஊர் பாதி மேட்டிலும் பாதி பள்ளத்திலும் இருக்கிறது. சாதாரண சைக்கிளே இங்கே அபூர்வம். ஏறும்போது தள்ள வேண்டும், இறங்கும்போது இழுத்துப் பிடிக்க வேண்டும். இவ்வளவு கனத்த வண்டியை மலைக்குக் கொண்டுவந்து என்ன பாட்டு?

என் வீட்டுக்காரருக்கு போர்வெல் லாரியில் வேலை. அப்போது வடக்கே எங்கேயோ இருந்தார். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று பேசினேன். "உங்க தங்கச்சி வந்திருக்கா. மாப்பிள்ளை வரல. எதுக்கு வந்தான்னு தெரியல."

"எங்கிட்டயும் சொல்லல. கேக்காத. இருக்கட்டும்," என்றார்.

கேட்கவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டால் மனசு மூடிக்கொள்ளுமா? சோறு போடும்போது அவள் கையைப் பார்ப்பேன், கழுத்தைப் பார்ப்பேன். தாலி இருந்தது. அடிபட்ட தடம் இல்லை, அழுத முகமும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அதுதான் எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

இரண்டாம் நாள், "செம்மேடு போனா முட்டை அட்டை எவ்வளவு கெடைக்குதோ அவ்வளவும் வாங்கியாங்க," என்றாள். கோழி வளர்க்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கடை கடையாகக் கேட்டு ஒரு பெரிய கட்டு கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கோழிக்காகத் தவிடும் வாங்கினேன். அவள் தவிட்டுப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க?" என்றாள்.

அப்புறம்தான் விவரம் சொன்னாள். வண்டியின் மேல் பிளைவுட்டில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு அறை. உள்சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது. உள்ளே ஒரு மைக். கதவைச் சாத்திக்கொண்டு யார் வேண்டுமானாலும் பாடலாம். அவள் வெளியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிந்து, பாடியவர்களின் போனுக்கே அனுப்பிவிடுவாள். வெளியே இருந்து அவள் பேசினால் உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். வண்டி பேட்டரியில் ஓடும்.

"சரி கண்ணு," என்றேன். பாதிதான் புரிந்தது.

மோட்டார் உட்காருகிற இரும்புப் பட்டையை வரும் வழியிலேயே பேளுக்குறிச்சிப் பட்டறையில் வெல்டிங் வைத்து வந்திருந்தாள். பலகைக்கு அடியில் நாலு பேட்டரி. ஓசூரில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிற கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள், ஆகவே எல்லாம் தெரியும் என்று நம்பி, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் பிளைவுட்டைப் பிடிப்பதுமாக நான் கூடவே இருந்தேன். மோட்டாரிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்த ஒயர் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகு நேரம் யோசித்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது.

"கம்பெனியில உனக்கு என்ன வேலை கண்ணு?"

"கண்ணாடி மாட்டறது. எடது பக்கக் கண்ணாடி."

"அப்ப இந்த ஒயரு?"

"பக்கத்து லைன்ல மாட்டுவாங்க. பாத்துட்டே இருப்பேன்."

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

ஏதோ ஒரு வரிசையில் மாட்டி, ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினாள். வண்டி பின்னால் போனது. மெதுவாகத்தான் போனது, ஆனாலும் மரவள்ளிக்குள் இறங்கி வரப்பில் முட்டித்தான் நின்றது. அவள் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் காலண்டர் தாளைக் கிழித்து, இந்த வரிசை ஆகாது என்று அதன் பின்பக்கம் எழுதினேன். அடுத்ததற்கு வண்டி உதறியது. அதையும் எழுதினேன். இப்படி மாற்றி மாற்றி மாட்டி, ஐந்தாவது தடவை உதறாமல் முன்னால் நகர்ந்தது. ஏன் நகர்ந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

சந்தை நாளன்று காலையில் கிளம்பினோம். முதல் மேட்டிலேயே மோட்டார் நின்றுவிட்டது. கொஞ்சம் ஆறவிட்டால் ஓடும், மறுபடி நிற்கும். நின்ற இடத்திலெல்லாம் தள்ளினோம். இறக்கத்தில் பிரேக்கை நம்ப முடியாமல் நான் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

டீக்கடையில் நின்றவர், "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார். இன்னொருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, "யாரு தவறிட்டாங்க?" என்றார். பாட்டு வண்டி என்றோம். "எங்கீங்க, சத்தமே காணோம்?" என்று சொல்லிவிட்டு, "சந்தைக்குத்தான போவுது," என்று ரெண்டு வாழைத்தாரை ஏற்றிவிட்டார். தள்ளியும் விட்டார். அவர் தள்ளியதால் மறுக்க முடியவில்லை. சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது வழியில் ஏறிய இன்னொன்றும் சேர்த்து வண்டியில் மூன்று தாரும், யாருடையது என்றே தெரியாத ஒரு கோழியும் இருந்தன.

மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் உள்ளே வரவில்லை. வந்து பார்த்தவர்களுக்கும் குழப்பம்.

"வெளிய கேக்காத பாட்டு யாருக்கும்மா?" என்று ஒரு கத்தரிக்காய் வியாபாரி கேட்டார்.

"பாடறவங்களுக்குத்தாங்க," என்றாள் அவள்.

"அதுக்கு எதுக்கு வண்டி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பலாப்பழம் விற்கிற ஒரு அம்மாதான் முதலில் வந்தது. கைப்பிசுக்கை எண்ணெய் தேய்த்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. வெகு நேரம் கழித்து வெளியே வந்து, "நல்லாருந்துச்சு," என்றது.

"என்ன பாட்டும்மா?" என்றேன்.

"பாடல சாமி. சும்மா உக்காந்திருந்தேன்."

அது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பாடினாள். ஒருத்தி யாரையோ வண்டை வண்டையாகத் திட்டியிருக்கிறாள் போல. கேட்டுக்கொண்டிருந்த என் நாத்தனார் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அவள் முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தரிக்காய்க்காரரும் கடைசியில் வந்து ஒரு பாட்டுப் பாடி, அதைப் போனில் வாங்கிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்த பிறகு, "நீங்களும் போங்க அண்ணி," என்றாள்.

உள்ளே உட்கார்ந்தேன். கதவு சாத்தியதும் சந்தை இரைச்சல் அப்படியே நின்றுபோனது. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. பாட வாயைத் திறந்தேன், ஒரு பாட்டும் ஞாபகம் வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதும் அந்த நேரத்தில் மறந்துபோய், "இவ எதுக்குத்தான் வந்தாளோ?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"தெரியல அண்ணி. அவரு அடிக்கல, திட்டல. ஒரு கொறையும் இல்ல. அங்க இருக்க முடியல, அவ்வளவுதான். கேட்டா சொல்றதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? அது எங்கிட்ட இல்ல."

என்ன சொல்வது? அடித்திருந்தால் திட்டியிருப்பேன், குடித்திருந்தால் ஆள் அனுப்பியிருப்பேன். காரணமே இல்லாததற்கு என்ன செய்வது? "சரி கண்ணு," என்றேன். அது பதிலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வாரா வாரம் தள்ள எங்களால் ஆகவில்லை. சந்தை டீக்கடைக்காரர் கரண்ட் கொடுத்தார், வண்டி சந்தையிலேயே நிற்கிறது. அவள் பஸ்ஸில் போய் வருகிறாள்.

போன மாதம் அவள் வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனுஷன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, இவ என்னதாங்க சொல்றா?" என்று கேட்டார். "எனக்கும் வெளங்கலீங்க," என்றேன். சந்தைக்கு மூவரும் போனோம். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் அங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது. வெங்காயம் வாங்கப் போய்விட்டேன்.

நான் திரும்பி வந்தபோது அவர் நாலு மணி பஸ்ஸில் போயிருந்தார். அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவும் இருந்தது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

"தையில மொளகு பறிக்கற வரைக்கும் இங்க இருக்கறேன்னு சொல்லிட்டேன் அண்ணி," என்றாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

வெங்காயப் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு இடம் பிடிக்க முன்னால் நடந்தேன்.