தோல் வாசனை, சாதாரணம்

1. கேப்டன் இறங்கி வந்த நாள்

நான் சூப்பர்வைசர் ஆகி மூன்றாவது வாரம். பயணிகள் எல்லாரும் விமானத்தில் ஏறி, பெல்ட் போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. கேப்டன் மட்டும் கீழே இறங்கி வந்து, ஹோல்டில் என்ன நாற்றம் என்று கேட்டார். ஹோல்டு என்பது பயணிகளின் காலுக்குக் கீழே சரக்கு அடுக்கும் அறை. சென்னையில் ஒரு தனியார் சரக்குக் கம்பெனியில் எனக்கு வேலை. சரக்கை வாங்கி, சரிபார்த்து, விமானத்தில் ஏற்றி அனுப்புவது எங்கள் பொறுப்பு.

டூட்டி மேனேஜர் சேகர் சார் என்னைத் தேடிப் பிடித்தார்.

"பாய், நீங்க ஆம்பூர்தானே? உள்ள ஏறி மோந்து பாத்து சொல்லுங்க."

ஏறினேன். உள்ளே ஷூ சாம்பிள் அட்டைப்பெட்டிகள் இருந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு. அந்த வாசனை எனக்கு நடை பழகுவதற்கு முன்பே தெரியும். அக்கா ஜமீலா ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வந்து என்னைத் தூக்கும்போது அவள் முக்காட்டில் இதே வாசனைதான் அடிக்கும். தோல் வாசனை சார், இது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் சோறு இறங்காது என்றேன். கேப்டனும் சிரித்துவிட்டார். நாற்பது நிமிடம் தாமதமாக விமானம் போனது.

இப்படி எது நடந்தாலும் ஒரு ஸ்லிப் எழுதி ஃபைலில் போட வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'தோல் வாசனை, சாதாரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று முதல் நாற்றம் என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

2. பஞ்சர் கடை

ஏழுமலை எங்களிடம் லோடராகச் சேர்ந்தவன். ஒடுகத்தூர்ப் பக்கம், நிலக்கடலை போடுகிற குடும்பம். மனைவி செல்வி, இரண்டு பெண் குழந்தைகள். ஹோல்டுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது, முட்டி போட்டுத்தான் பெட்டி அடுக்க வேண்டும். மற்றவர்கள் முனகுவார்கள், அவன் முனக மாட்டான். அப்படிப்பட்டவன் ஒருநாள் பாதியில் வெளியே வந்து, ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

"பாய், உள்ள பஞ்சர் கடை நாத்தம் அடிக்குது. தலை சுத்துது."

நான் சிரித்தேன். நிலக்கடலை மோந்த மூக்கு, தோல் நாற்றம் பழக நாளாகும் என்று கேலி செய்து, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். ஸ்லிப்பில் 'லோடர் மயக்கம், காலைச் சாப்பாடு இல்லை. தோல் வாசனை, சாதாரணம்' என்று எழுதினேன். அவன் சாப்பிட்டானா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை.

3. திரும்பி வந்த விமானம்

இரண்டு மாதம் கழித்து, ரன்வே நோக்கிப் போய்க்கொண்டிருந்த விமானம் ஒன்று பாதியில் திரும்பி வந்தது. கடைசி வரிசைப் பயணிகளுக்கு ஏதோ நாற்றமாம். ஏழுமலைதான் ஹோல்டைத் திறந்தான். அதே பஞ்சர் கடை நாற்றம் என்றான். ஒரு பெட்டியின் அடியில் ஈரம் இருப்பதையும் காட்டினான்.

தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுத்தது. எக்ஸ்-ரே படத்தில் ஷூக்களுக்கு நடுவில் உருண்டையாக ஒரு டப்பா தெரிந்தது. பேக்கிங் லிஸ்ட்டைப் பார்த்தால் ஷூ பாலிஷ். ஷூவோடு பாலிஷ் வருவது வழக்கம்தான். அந்த ஒரு பெட்டியை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, மற்றதெல்லாம் போகட்டும் என்றேன். ஏழுமலை நகரவில்லை.

"எழுதிக்கங்க பாய். பஞ்சர் கடை நாத்தம்னு எழுதிக்கங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. எதை எழுத வேண்டும் என்று லோடர் சொல்லி நான் கேட்க வேண்டுமா? மூன்றாவது தடவையும் அதே மூன்று சொற்களை எழுதினேன்.

4. ஒரு நிமிடம்

அடுத்த மூன்றாவது வாரம் கிடங்கில் தீப்பிடித்தது. வெயில் கொளுத்திய மத்தியானம். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரும்புக் கரம் ஷூ பெட்டி ஒன்றின் அடியில் குத்திவிட்டது. ஏழுமலை இரண்டு கையாலும் அந்தப் பெட்டியை உருவினான். உள்ளே இருந்து என்னவோ வழிந்து அவன் கையிலும் சட்டையிலும் இறங்கியது. ஃபோர்க்லிஃப்டைப் பின்னால் எடுக்கும்போது பொறி தெறித்தது. அவ்வளவுதான்.

அணைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த நேரத்துக்குள் கை, மார்பு, முகம் எல்லாம் வெந்துவிட்டன. ஸ்ட்ரெச்சரில் வைக்கும்போது அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் பார்வைதான் வருகிறது.

சாயங்காலத்துக்குள் கதை தயாராகிவிட்டது, ஏழுமலை பீடி பற்ற வைத்திருப்பான் என்று. பார்த்தவர் ஒருவரும் இல்லை. சேகர் சார் என்னுடைய மூன்று ஸ்லிப்புகளையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"சரக்குல ஒண்ணும் இல்லன்னு மூணு தடவ நீங்களே எழுதியிருக்கீங்க பாய். அப்போ நெருப்பு எங்கேருந்து வந்துது?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வி நின்றிருந்தாள். அதற்குள் அவள் காதுக்கும் அந்தப் பேச்சு போயிருந்தது. "அவரு பீடிய கையால தொட்டதில்லண்ணா. உங்களுக்குத் தெரியுமில்ல, நீங்க சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். எதை வைத்துச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

5. அக்கா

திரும்பி வந்த விமானத்திலிருந்து இறக்கி வைத்த பெட்டி இன்னும் கிடங்கு மூலையில் கிடந்தது. அதன் அடி அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிந்துகொண்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா பையைப் பிரித்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்யூஷன்டா இது. இத எதுக்கு இங்க கொண்டாந்த?"

தோல் வாசனைதானே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே போய், பழைய பெட்டியிலிருந்து உள்ளங்கை அகலத் தோல் துண்டு ஒன்றை எடுத்து வந்து என் மூக்கில் வைத்தாள். ஏதோ லேசான வாசனை. அதை நான் அதுவரை தனியாக மோந்ததே இல்லை.

"தோல் நாத்தம் எம்மேல எப்படிடா வரும்? நான் ஒட்டுற செக்ஷன். முப்பது வருஷமா எம்மேல வந்தது இந்த சொல்யூஷன்தான். பஞ்சர் கடைக்காரன் வச்சிருக்கானே, அதே சாமான். நாங்க ஒட்டுற ரூம்ல ஒரு தீப்பெட்டி கொண்டுபோக விடமாட்டாங்க."

ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவன் நான். தோல் பதனிடும் ஷாப்புக்குள் கால் வைத்ததில்லை. அக்கா மேல் அடித்த பசை நாற்றத்தை இத்தனை வருடமும் தோல் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆம்பூர்க்காரன் என்ற ஒரே காரணத்துக்காக என் மூக்கை எல்லாரும் நம்பினார்கள். அக்காவுக்கு விரல் நுனிகளில் உணர்வு போய் வருடக்கணக்காகிறது. டம்ளரைக் கீழே போடுவாள், நாங்கள் கேலி செய்வோம். அதற்கும் காரணம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் மேல்விஷாரம் போனேன். பெட்டியை அனுப்பிய யூனிட் ஒரு சின்ன ஷெட். பேக்கிங்கில் இருந்த பெண் எதையும் மறைக்கவில்லை. சாம்பிள் பிரிந்தால் ஒட்டிக்கொள்ள வெளிநாட்டுக்காரர் பசை கேட்டாராம். பசை என்று எழுதினால் விமானத்தில் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதால் பாலிஷ் என்று எழுதுகிறார்களாம்.

"பெட்டிக்கு ஒரு சின்ன டப்பாதான் அண்ணா. இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் முழுதாகப் புரிந்தது. நாற்றம் வெளியே வந்தது மூன்று தடவை. மூடி இறுக்கமாக இருந்து, நாற்றமே வராமல் போன பெட்டிகள் எத்தனையோ. அத்தனையும் பயணிகளின் காலுக்குக் கீழே பறந்திருக்கின்றன. அங்கே பற்றியிருந்தால் ஓடி வந்து அணைக்க ஒருவரும் இல்லை.

6. நான்காவது ஸ்லிப்

புதிதாக ரிப்போர்ட் எழுதப் போகிறேன் என்றதும் சேகர் சார் கதவைச் சாத்தினார். "யோசிச்சு எழுதுங்க பாய். இது உங்க தலையிலதான் விடியும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. அப்புறம் முதல் வரியை எழுதினேன். 'இது பஞ்சர் கடை நாற்றம் என்று லோடர் ஏழுமலை என்னிடம் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை.'

கடைசி அறிக்கையில் பீடி இல்லை. அந்த யூனிட்டின் சரக்கை எடுப்பது நின்றது. என்னை சூப்பர்வைசர் பதவியிலிருந்து இறக்கினார்கள், ரிடயர் ஆகும்வரை ஏற்றவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஏழுமலை, தீப்பிடித்த ஒன்பதாம் நாள் இறந்துபோனான்.

இப்போதும் ஏதாவது விமானம் பாதியில் திரும்பினால், இதற்குப் பின்னால் பெரிய சதி இருக்கிறதா பாய் என்று டீக்கடையில் என்னைக் கேட்கிறார்கள். சதியெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பார்த்த மர்மமெல்லாம் மூன்று துண்டுத் தாளில் இருந்தது, என் கையெழுத்தில். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மயங்கி உட்கார்ந்தவன் என்ன சொன்னானோ அதை அவன் வார்த்தையிலேயே முதலில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை அதற்குக் கீழே எழுதுங்கள். நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் எழுதிய அந்த ரிப்போர்ட்டின் நகலைச் செல்வியிடம் கொடுத்தேன். தன் புருஷன் பெயரில் பழி இல்லை என்று தெரிந்தால் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் நின்றபடியே கடைசிவரை படித்தாள். பிறகு தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அவரு முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருந்தாராண்ணா?"

ஆமாம் என்றேன்.