கொள்ளைப் படங்களும் ஹாஜியாரின் கராம்பு ஸ்டோரும்

மாத்தளை டவுனில் பிளவுஸ் தைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. என்னைவிட நன்றாகத் தைப்பவர்களும் இருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் என்னிடம் வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு, வாசல்வரை போய், திரும்பி நின்று, "அக்கா, இந்தக் கிழமைக்கு ஒரு படம் சொல்லுங்களே" என்பார்கள். தையல் மெஷினில் போனைச் சாய்த்துவைத்துப் படம் பார்த்தபடியே தைக்கிறவள் என்று ஊருக்கே தெரியும். சில பிளவுஸ் கைகள் கொஞ்சம் கோணலாகப் போனதற்கும் அதுதான் காரணம்.

நான் சொல்வது ஒரே வகைப் படம்தான். நாலைந்து பேர் கூடித் திட்டம் போட்டு, யாராலும் தொட முடியாது என்று பீற்றிக்கொள்கிற ஒரு சாமானை, ஒருவர்மீதும் ஒரு கீறல் விழாமல் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்தக் கொள்ளைப் படம். அழுகிற படம் கேட்டால், "அதுக்குத்தான் ராத்திரி நாடகம் போடுறாங்களே" என்று சொல்லிவிடுவேன். காதல் படம் கேட்டால் அதுவும் சொல்ல மாட்டேன். பத்து நிமிடத்தில் கேட்டு முடிக்க வேண்டிய ஒரு கேள்வியை இரண்டரை மணி நேரம் இழுக்கிற பொறுமை எனக்கில்லை.

கொள்ளைப் படத்திலும் எல்லாம் நல்ல படம் ஆகிவிடாது. துப்பாக்கி வெடித்தால் நான் அணைத்துவிடுவேன். பறிகொடுப்பவன் நாம் பரிதாபப்படாத ஆளாக இருக்க வேண்டும். திட்டம் பாதியில் பிசக வேண்டும், பிசகியது போலிருந்ததுதான் உண்மையான திட்டம் என்று கடைசியில் தெரிய வேண்டும். முக்கியமாக, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு இந்த மாதிரிப் படம் பார்க்கவே கூடாது. எங்கள் வீட்டுப் பானைகளின் அடியைப் பார்த்தால் தெரியும்.

ஆள் பார்த்துத்தான் சொல்வேன். கலியாணப் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் திருடர்களாக இருக்கிற ஒரு மண்டபக் கொள்ளையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாளாம், ஆனால் கலியாணத்தன்று மாமியாரின் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். புருஷன் கட்டாரில் இருக்கிறவளுக்கு மூன்று பாகமாக ஓடுகிற ரயில் கொள்ளை. ஓய்வுபெற்ற டீச்சருக்கு, வயதான பாண்டு வாத்தியக்காரர்கள் சேர்ந்து அருங்காட்சியகத்தில் இருக்கிற தங்கள் பழைய வெற்றிக் கோப்பையைத் திருடுகிற படம். வஹகோட்டையிலிருந்து வருகிற ஒரு கத்தோலிக்க அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் நிபந்தனை போடுவார். "கோயில் சாமான் திருடுற படம் வேணாம் மகள், நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகணும்" என்பார்.

ஊருக்கெல்லாம் படம் சொல்லத் தெரிந்த எனக்கு வீட்டுக்குள் இருக்கிற ஒரு மனிதரைத் திருப்திப்படுத்தத் தெரியவில்லை. ஏனென்றால் என் கணவர் காவல்காரர்.

டவுன் எல்லையில் ஒரு ஹாஜியாரின் பெரிய ஸ்டோர் இருக்கிறது. பல்லேபொலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் அங்கேதான் சாக்குச் சாக்காகச் சேரும். அந்த ஸ்டோர் கேட்டில்தான் இவருக்கு வேலை. எஸ்டேட் வேலையை விட்டு வந்தபின் இரண்டு மூன்று இடங்களில் தற்காலிகமாக நின்று, நின்ற இடமெல்லாம் கைவிட்டுப்போய், கடைசியில் கிடைத்த நிரந்தர வேலை இது. சீருடையைக் கசங்காமல் மடிப்பார். சப்பாத்தைத் துடைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பார். அந்த வேலைமீது அவருக்கு இருந்த மரியாதை எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பிடித்தும் இருக்கும்.

அவருக்கு லீவு நாளில் இருவரும் சேர்ந்து படம் பார்ப்போம். எங்களுக்கென்று இருந்த ஒரே உல்லாசம் அதுதான். ஆனால் நான் திருடர்கள் பக்கம், அவர் காவல்காரன் பக்கம். திரையில் ஒரு காவல்காரன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தால் போதும், இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்.

"குடிக்காதடா! அதுல மருந்து கலந்திருக்கான்டா!"

அவன் குடிப்பான். குடிக்காவிட்டால் படமே இல்லையே. அவன் தலை தொங்கும்போது நான் கை தட்டுவேன். படம் முடிந்து திருடர்கள் ஒரு கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது இவர் கேட்பார், "அந்த செக்குரிட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"அதெல்லாம் காட்ட மாட்டாங்கங்க."

"காட்ட மாட்டாங்க. ஏன்னா அவனுக்கு வேலை போயிருக்கும். புள்ளைகுட்டிக்காரனா இருப்பான்."

ஒரு நாள், "இனிமே நீயே பாரு புள்ள" என்று எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். எனக்கு மனசே சரியில்லை. தனியாகப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒரு சிரிப்பா? அவருக்கு ஏற்ற படம் தேடி அலைந்தேன். காவல்காரன் ஜெயிக்கிற ஒரு படத்தைக் கண்டுபிடித்துப் போட்டேன். அவர் வாய் நிறையப் புன்னகையோடு பார்த்தார், நான் அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். பிறகு காவல்காரனும் திருட்டுக் கூட்டத்தில் ஒருவனாக இருக்கிற படம். "துரோகி" என்ற ஒரே சொல்லோடு எழுந்துவிட்டார்.

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். "என்னங்க, இதைப் படமாப் பாக்காதீங்க. பாடமாப் பாருங்க. திருடன் எப்படியெல்லாம் வருவான்னு தெரிஞ்சுக்கலாமில்ல?" அது வேலை செய்தது. மறுபடியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுக்கவும் தொடங்கினார். "பாத்தியா, எல்லாரும் ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிற நேரமாத்தான் வர்றாங்க. வண்டிய ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்திட்டு இன்ஜினை ஓட விடுறாங்க. கூட ஒரு சிரிச்ச மொகப் பொண்ணு. அது வந்ததும் டாய்லட் எங்கன்னு கேக்கும்." நான் பெருமையோடு தலையாட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன் பலன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை நேரத்தில் அந்த ஸ்டோரில் ஈ காக்கை இருக்காது. ஹாஜியாரும் வேலையாட்களில் பெரும்பாலோரும் போனை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவார்கள். கேட்டில் இவர் ஒருவர்தான். நான் ஒரு பெண்ணுக்குப் பிளவுஸைப் போட்டுப் பார்த்து இடுப்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"புள்ள, வந்துட்டாங்க." இவர் குரல் கிசுகிசுத்தது.

"யாருங்க?"

"அவங்கதான். நீ போட்டுக் காட்டுவியே, அவங்க."

நான் ஊசியைக் கீழே வைத்தேன். விஷயம் இதுதான். ஒரு வேனில் ஒரு வெள்ளைக்காரர், கொழும்புப் பெண் ஒருத்தி, டிரைவர் என்று மூன்று பேர் வந்திருக்கிறார்கள். கராம்பு வாங்க வந்தோம் என்றிருக்கிறார்கள். வெளியூர் ஆட்கள் வரப்போவதாக ஹாஜியார் காலையில் சொல்லியிருந்ததால், இவரும் வெள்ளைக்காரரையும் அந்தப் பெண்ணையும் சாம்பிள் அறையில் உட்காரவைத்திருக்கிறார். ஆனால் ஹாஜியார் சொன்னது பின்னேரம் என்று. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டிருக்கிறது.

"வண்டி எப்படி நிக்கிது?" என்று கேட்டேன்.

"ரோட்டப் பாத்துத் திருப்பி நிக்கிது. இன்ஜின் ஓடுது."

"பெட்டி ஏதாச்சும்?"

"கருப்புப் பெட்டி. நான் தூக்கித் தாறேன்னு கைய நீட்டினேன், வெள்ளக்காரர் குடுக்கவே இல்ல."

"அந்தப் பொண்ணு?"

"சிரிச்ச மொகம். வந்ததும் டாய்லட் எங்கன்னு கேட்டுச்சு." அவர் மூச்சு வாங்கினார். "டிரைவர் எனக்கு ரோல்ஸ் ஒன்னு நீட்டினான், புள்ள. 'அய்யே, கன்ன'ங்கிறான், சாப்பிடுங்கண்ணேன்னு. நான் சாப்பிடல."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தினால் இல்லை, சந்தோஷத்தினால். இத்தனை படம் பார்த்ததற்கு வாழ்க்கை ஒருவழியாக மரியாதை செய்துவிட்டது என்று நினைத்தேன். போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. நான் பார்த்த எந்தப் படத்திலும் போலீஸ் நேரத்துக்கு வந்ததில்லை.

"அறைய வெளிய பூட்டுங்க. கேட்டுக்கும் சங்கிலி போடுங்க. யாரு கத்தினாலும் தொறக்காதீங்க. நான் வர்றேன்."

ஊசி குத்தியது குத்தியபடி அந்தப் பெண்ணை அப்படியே நிற்கவைத்துவிட்டு, ஒரு திரீவீலைப் பிடித்து ஓடினேன். நான் போய் என்ன செய்வதாக உத்தேசம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஸ்டோருக்குள் வேன் டிரைவர் சிங்களத்தில் வைது தீர்த்துக்கொண்டிருந்தார். இவர் சாவிக்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பக்கத்துச் சின்னக் கதவால் என்னை உள்ளே விட்டுவிட்டு மறுபடியும் பூட்டினார். நான் சாம்பிள் அறையின் ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன்.

வெள்ளைக்காரர் ஒரு சாக்குமேல் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். முகம் பழுத்த தக்காளியாகச் சிவந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படத்துத் திருடர்களுக்கு வியர்த்து நான் பார்த்ததில்லை. கருப்புப் பெட்டி திறந்து கிடந்தது, அதற்குள் கராம்பில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கிற ஒரு கருவி. என்னைக் கண்டதும் அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாகச் சொன்னாள்.

"அக்கா, தயவுசெஞ்சு ஹாஜியாருக்குச் சொல்லுங்க. நானும் கோல் எடுத்து எடுத்துப் பாக்கிறேன், போன் ஓஃப்ல இருக்கு. வெளிய விடுங்க, எனக்கு டாய்லட் போகணும்."

திருட வந்தவள் சொந்தக்காரருக்கே கோல் எடுப்பாளா? பூட்டைத் திறங்கள் என்று இவரிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் பள்ளிவாசலிலிருந்து வந்த கார் கேட்டுக்கு வெளியே ஹோன் அடித்தது.

ஹாஜியார் இறங்கி, இவர் திறந்துவிட்ட சின்னக் கதவால் உள்ளே வந்தார். தலையில் தொப்பி, கையில் தஸ்பீஹ் மணி. சங்கிலியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், பூட்டிய அறையைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். வந்தவர்களின் முன்னால் இவரை ஒரு வார்த்தை வையவில்லை. சாவியை வாங்கித் தானே பூட்டைத் திறந்து, இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டு, விசிறியைப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்தார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் தாண்டி ஓடினாள். வெள்ளைக்காரர் கராம்பை மோந்தார், கருவியைக் குத்திப் பார்த்தார், சிரிக்காமல் கை கொடுத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

வேன் போன பிறகு ஹாஜியார் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். இவர் எதிரே விறைப்பாக நின்றார். எனக்குக் கண்ணுக்கு முன்னால் அந்தச் சீருடையும் சப்பாத்தும்தான் நின்றன. நாளைக்கு இவர் எதைத் துடைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பார்?

"தம்பி, யாரு ஒங்களுக்கு இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல ஹாஜியார். நானாத்தான் செஞ்சேன். என் தப்புத்தான்."

சொல்லும்போது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் படங்களில் பார்த்த கூட்டங்களில் எந்தக் கெட்டிக்காரனும் இப்படி நின்றதில்லை. பிடிபட்டதும் ஒருவன் இன்னொருவனைக் காட்டிக்கொடுப்பதுதான் வழக்கம். எனக்குப் பெருமையாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. என்னைக் காப்பாற்ற இவர் யார்?

"அவர் சொல்றது பொய் ஹாஜியார்," என்றேன். "பூட்டச் சொன்னது நான். போன்ல. கொள்ளப் படம் பாத்துப் பாத்து எனக்குத்தான் புத்தி இப்படிப் போச்சு. வையிறதா இருந்தா என்னைய வைங்க. அவர வேலைய விட்டு நிறுத்தாதீங்க."

"நீ சும்மா இரு புள்ள," என்றார் இவர்.

"நீங்க சும்மா இருங்க," என்றேன் நான்.

ஹாஜியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டு மெல்லக் கடித்தார்.

"அவன் வாங்காட்டி இன்னொருத்தன் வாங்குவான். கராம்பு என்ன, கெட்டுப்போற சாமானா?" என்றார். "ஒன்னு சொல்றேன் தம்பி. இதுக்கு முந்தி இந்தக் கேட்டுல நின்ட ஆக்கள், வெள்ளத் தோலக் கண்டா சலூட் அடிச்சுத் தொறந்து விடுவாங்க. யாரு, என்னன்டு ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. வெள்ளக்காரனப் பூட்டி வச்ச ஆள நான் இன்டைக்குத்தான் பாக்கிறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப என்ட கேட்டுல ரெண்டு பேரு காவல் நிக்கிறீங்க. நல்லம். ஆனா தங்கச்சி, சம்பளம் ஒருத்தருக்குத்தான் தருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

இவர் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கேட்டை மூடப் போனார். அது இரட்டைக் கதவு, கனமானது. நானும் பின்னாலேயே போய் மற்றக் கதவைத் தள்ளினேன்.