குமாரசாமியின் ஈரச் சாரம்

குமாரசாமி, இடுப்பில் கட்டிப் பழசான சாரம் ஒன்றை நனைத்து முறுக்கிப் பிழிகிறார். ஒரு துளி தரையில் விழக்கூடாது. விழுந்தால் மனைவி ரஞ்சினிக்குப் பதில் சொல்ல வேண்டும். பிழிந்ததை உதறி, கண்ணாடிப் பெட்டியின் வலை மூடிமேல், சூட்டு விளக்குக்கு எட்டாத பாதியில் விரிக்கிறார். பிறகு குனிந்து ஈரமானியைப் பார்க்கிறார். முள் அறுபதைத் தாண்டியிருந்தால் ஒரு 'ம்'. தாண்டாவிட்டால் சாரம் மறுபடியும் குளியலறைக்குப் போகும்.

பெட்டிக்குள் இருப்பது ஆபிரிக்க மலைப்பாம்பு; பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுவான இனம். மகள் வேணுஜா ஆசைப்பட்டு வாங்கியது. ஹாலே நகரத்துக்குப் படிக்கப் போனபோது, "மூண்டு மாசம் பாருங்கோப்பா" என்று விட்டுப்போனாள். படிப்பு முடிந்து, அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது. அந்த மூன்று மாதம்தான் இன்னும் முடியவில்லை.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஒரு பெரிய பேக்கரியில், பாண் மாவைப் பொங்க வைக்கும் அறைக்குப் பொறுப்பாளர் அவர். சூடும் ஈரமுமே பிழைப்பு. அங்கே சுவரெல்லாம் அளவுகருவிகள் இருந்தும் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் நகரமாட்டார். வீட்டிலும் அப்படியே, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் கண்ணாடியைத் தொடுவார். "மாவும் இதுவும் ஒண்டுதான். காஞ்சால் தோல் வெடிக்கும், நனைஞ்சால் பழுதாப்போகும். நடுவில வைச்சிருக்கிறதுதான் வேலை" என்பார். வந்த விருந்தாளி அதற்குள் கால்களைத் தூக்கி சோபாவில் வைத்திருப்பார்.

ரஞ்சினி அந்தப் பெட்டியைத் தொட்டதே கிடையாது. விளக்கு வைத்தபின் பாம்பு என்ற சொல்லும் அவர் வாயில் வராது. 'அந்த நீட்டாள்' என்பார். ஆனாலும் நீட்டாளுக்கு எலி எப்போது கொடுத்தது, எப்போது கொடுக்க வேண்டும் என்பது குமாரசாமியைவிட அவருக்குத்தான் சரியாக நினைவிருக்கும்.

போன ஐப்பசியில், கந்தசட்டி தொடங்கிய அன்றே பாம்பின் கண்கள் பால்போல் மங்கின. சட்டை உரிக்கப் போகிறது, இனி எலியைத் திரும்பியும் பார்க்காது. வீட்டில் இரண்டு பேர் விரதம் என்று குமாரசாமி பகிடி விட்டாரே தவிர, உள்ளூரப் பயந்தார். முந்தைய முறை காற்று காய்ந்துபோய், வலது கண்ணை மூடியிருந்த தோல் கழலாமல் ஒட்டிக்கொண்டது. மிருக வைத்தியர் எண்ணெய் தடவி மெல்ல மெல்ல எடுத்துவிட்டு, இன்னொரு தரம் இப்படி ஒட்டினால் கண் தப்பாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று வேலை முடிந்து வந்தால் வீடு பனிக்கட்டி. யன்னல்கள் எல்லாம் அகலத் திறந்து கிடந்தன. சாரம் காய்ந்து விறைத்திருந்தது. முள் முப்பதுக்கு இறங்கியிருந்தது.

"இஞ்சேரும், ஏனப்பா இப்பிடித் திறந்து விட்டிருக்கிறீர்?"

"பின்ன? சாம்பிராணிப் புகைக்கு முகட்டில கிடக்கிற றௌக்மெல்டர் மணி கத்தி, கீழ் வீட்டு மனுசி மேல ஏறி வந்திட்டுது. ஆறு நாளும் போடத்தான் வேணும். போடாமல் விரதம் பிடிக்க ஏலாது."

"அதின்ர கண் போயிடும்."

"முருகன் பாப்பார். அவற்ர மயிலும் காலுக்க ஒண்டை வைச்சுக்கொண்டுதானே நிக்குது."

மனைவியோடு வாதாடலாம், முருகனோடு எப்படி வாதாடுவது? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. யன்னலை மூடினால் விரதத்தைக் குழப்பிய பாவம், மூடாவிட்டால் ஒரு வாயில்லாச் சீவனின் கண். குமாரசாமி இன்னொரு சாரத்தை நனைத்தார். ஈரப் பாசி நிரப்பிய சின்னப் பெட்டி ஒன்றை உள்ளே வைத்தார். மறுநாள் பேக்கரியில், சரியாகப் பொங்கியிருந்த மாவைப் பொங்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். அவ்வளவு கவலை.

மூன்றாம் நாள் மாலை வந்தபோது யன்னல்கள் மூடியிருந்தன. புகை இல்லை, ரஞ்சினியையும் காணவில்லை. பார்த்தால் பல்கனியில் நிற்கிறார்! சேலைக்கு மேல் குளிர்கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, கையில் சாம்பிராணித் தட்டு. கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே மாட்டியிருந்த முருகன் படத்துக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கட நீட்டாளுக்காக இல்லை. எனக்குப் புகை ஒத்துக்கொள்ளுதில்லை" என்றார் உள்ளே வந்து. பட்டினி வயிற்றோடு நின்றவரின் கைவிரல்கள் நீலம் பாரித்திருந்தன. தேத்தண்ணி குடிக்கச் சொல்லவும் வழியில்லை.

சூரன்போர் அன்று காலை, பாசிப் பெட்டிக்குள் சட்டை முழுதாகக் கழன்று கிடந்தது. குமாரசாமி அதன் தலைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணை மூடியிருந்த தோலும் கழன்றிருந்தால், அந்த இடத்தில் ஒரு சின்ன வில்லை தெரிய வேண்டும். இடது பக்கம் தெரிந்தது. வலது பக்கம் மடிந்து ஒட்டியிருந்தது. பிரிக்கப் போனவர், கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

"கொண்டாங்கோ இஞ்ச."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரஞ்சினி உள்ளங்கையை நீட்டினார். பூத்தொடுக்கும் விரல்கள்; மடிப்பு பிரிந்தது.

"ஓம், கிடக்கு. ரெண்டும் கிடக்கு."

மாலையில் ரஞ்சினி சாம்பிராணிக்குக் கரி மூட்டி, பல்கனிக்குப் போகக் குளிர்கோட்டை எடுத்தார். குமாரசாமி அதை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பக் கொக்கியில் கொழுவினார். தடித்த போர்வையை இழுத்துப் பெட்டியைச் சுற்றி மூடினார். பிறகு தானே போய் யன்னலைத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.